நெஞ்சுச் சளி

காசநோய்ப் பரிசோதனைக்கான சளியை அறைக்குள் வைத்து வாங்குவதில்லை. தாராபுரம் பக்கம் நான் போயிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கென்று ஒதுக்கிய இடம் பின்சுவரோரம் ஒரு வேப்பமரத்தடி. இருமலில் தெறிக்கும் கிருமி திறந்தவெளியில் காற்றோடு கலைந்துவிடும். வெயிலில் செத்தும் போகும்.

அன்று அங்கே நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். கல்குவாரியில் வேலை பார்த்தவர். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும். டப்பாவை நீட்டினார், உள்ளே நுரைத்த எச்சில்தான் இருந்தது. லேப் டெக்னீஷியன் முகம் சுளிக்கவில்லை.

"எச்சி வேண்டாங்கய்யா. நெஞ்சுக்குள்ளாற இருந்து வரோணும்."

"வரமாட்டீங்குதுங்க அம்மிணி."

"வாயக் கொப்பளிச்சுட்டு வாங்க. மூச்ச நல்லா இழுத்து, கொஞ்சம் நிறுத்தி உடுங்க. ரெண்டு தடவ. அப்புறம் அடிவயித்துல இருந்து இருமுங்க."

சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அது பாதுகாப்புக்காக மட்டுமல்ல. ஒரு பெண் பார்க்கக் காறித் துப்ப அவர் கூசியதையும் கவனித்திருந்தார். இந்த முறை மஞ்சளாய், கெட்டியாய் வந்தது.

ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் அகப்படும். எச்சிலை வாங்கி வைத்திருந்தால் 'கிருமி இல்லை' என்றுதான் முடிவு வரும். அவரும் அதை நம்பிப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு படுத்துக்கொள்வார். இந்தத் தொழிலின் நுட்பம் பாதிக்கு மேல் அந்த மரத்தடிப் பேச்சில்தான் இருக்கிறது என்பேன்.

டப்பாவில் எண் எழுதும்போதும் மூடியில் எழுதமாட்டார், மூடிகள் மாறிவிடும். உள்ளே வந்ததும் ஒரு குச்சியால் சளியின் கெட்டியான பகுதியைத் தேடி எடுத்து, ஸ்லைடில் மெல்லப் பரப்பினார். காய்ந்த பிறகு செய்தித்தாளின் மேல் பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரிந்தால் பூச்சு சரி. பிறகு சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் சுடர் காட்டினார்: ஆவி எழவேண்டும், கொதிக்கக் கூடாது. அமிலத்தில் மற்றதெல்லாம் வெளுத்துவிட, காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாமல் வைத்துக்கொள்ளும். கடைசியில் நீலச் சாயம். ராபர்ட் கோக் 1882-இல் இந்தக் கிருமியை அறிவித்த அடுத்த சில ஆண்டுகளிலேயே உருவான முறை இது.

'இல்லை' என்று எழுதுவதற்குமுன் மைக்ரோஸ்கோப்பில் நூறு பார்வைப் புலங்களையாவது பார்த்தாக வேண்டும். இவருடைய ஸ்லைடில் அவ்வளவு தூரம் போகவில்லை. நீலப் பரப்பில் மெல்லிய சிவப்புக் கோடுகளை எனக்கும் காட்டினார்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலிருந்தபடியே மருந்து கொடுத்துக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. வைத்தியம் வீட்டுக்கு வந்தால், கண்டுபிடிப்பதும் ஊருக்குப் பக்கத்தில் நடந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைச் சுமப்பவர்களில் பலர் இன்றும் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள். கிருமிக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிரந்தர வேலை தராதது அநியாயம். ட்ரூநாட் போன்ற கருவிகள் வந்துவிட்டன. மைக்ரோஸ்கோப் தவறவிடுவதையும் அவை பிடிக்கின்றன. ஆனால் அவற்றுக்கும் நல்ல சளியை யாராவது கேட்டு வாங்கித்தான் தரவேண்டும்.

பதிவேட்டில் முடிவைச் சிவப்பு மையில் எழுதியதும், வீட்டில் யார் யார் என்று பெரியவரிடம் கேட்டுக் குறித்தார். மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு டப்பா எடுத்து வைத்தார். சின்னக் குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் விடிகாலை வெறும் வயிற்றிலிருந்து குழாய் வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கான சீட்டை எழுதத் தொடங்கினார்.