ஈரி ஏரிக்கு மேலே ஒரு கண்

"ஈரி ஏரி" என்று நாலு தரம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள்; நாக்கு சறுக்கும். அமெரிக்காவுக்கும் கானடாவுக்கும் நடுவே கிடக்கும் ஐந்து பெரிய ஏரிகளில் இது ஒன்று. ஏரி என்றதும் கரையில் ஆலமரமும் மதகும் உங்கள் நினைவுக்கு வந்தால் அதை உடனே மறந்து விடுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 240 மைல்! நம் ஊர் ரயிலில் ஏறினால் ஒரு ராத்திரிப் பிரயாணம். அலை அடிக்கிறது, கப்பல் போகிறது, கரையில் மணலும் உண்டு. உப்பு மட்டும்தான் இல்லை.

இதன் மேற்கு மூலையில் இருக்கிறது டொலீடோ நகரம். கண்ணாடித் தொழிலுக்குப் பெயர் போன ஊர். ஊர் நடுவே வந்து ஏரியில் கலக்கும் ஆற்றின் பெயர் மாமீ. ஆமாம், நம் வீட்டு மாமிதான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இந்த மாமீ கொண்டுவரும் சீர்வரிசையால் வந்த வினைதான் நான் சொல்லப் போகும் கதை.

2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, சனிக்கிழமை. பொழுது விடிந்து காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போன டொலீடோவாசிகளுக்கு ஓர் அறிவிப்பு காத்திருந்தது. 'குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அதில் சமைக்காதீர்கள். காய்ச்சவும் காய்ச்சாதீர்கள்!' நகரத்திலும் சுற்று வட்டாரத்திலுமாக நாலு லட்சம் பேருக்கு மேல் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தார்கள்.

"இது என்ன கூத்து! எந்தத் தண்ணீரானாலும் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற்றிக் குடித்தால் சரியாய்ப் போகிறது" என்பீர்கள். நம் பாட்டி காலத்திலிருந்து வந்த வைத்தியமல்லவா? ஆனால் இங்கே அது பலிக்காது. காலராக் கிருமி கொதிநீரில் சாகும். ஏரியில் வந்ததோ கிருமி அல்ல. நீலப்பச்சைப் பாசி கக்கிய மைக்ரோசிஸ்டின் என்ற விஷம். ஈரலைத் தாக்குவது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகப் போகும். விஷம் பாத்திரத்திலேயே தங்கும். ரசத்தைச் சுண்ட வைத்தால் உப்பு கரிக்கிறதே, அதே கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அதாவது, பத்து லட்சம் லிட்டரில் ஒரே ஒரு கிராம்!

கடைகளில் புட்டித் தண்ணீர் தீர்ந்து போயிற்று. தேசியக் காவல் படையினர் வண்டி வண்டியாகத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் பவுடரை எதில் கரைப்பது என்று திகைத்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எதிரே கடல் போல நன்னீர். கரையில் இருப்பவர் வாயில் வைக்க ஒரு வாய் இல்லை. திங்கட்கிழமை காலையில்தான் தடை நீங்கிற்று. மேயர் எல்லார் முன்னிலையிலும் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துக் காட்டினார்.

பாசிக்குச் சாப்பாடு போடுவது பாஸ்பரஸ். 1960-களில் சலவைத் தூளிலும் சாக்கடையிலும் அது ஏராளமாய் வந்தது. ஈரி ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. 1972-ல் அமெரிக்காவும் கானடாவும் உடன்படிக்கை செய்து கொண்டு கட்டுப்படுத்தின, ஏரியும் பிழைத்தது. இப்போது வருவது பெரும்பாலும் வயல்களிலிருந்து. மாமீ ஆற்றுப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் பிரம்மாண்டமான சதுப்பு நிலம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை வடித்துக் கழனியாக்கினார்கள். சதுப்பு நிலம் வடிகட்டி போல. அது போனபின், மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் போடும் உரம் மழையோடு நேரே ஏரிக்குப் போகிறது. மேற்குப் பகுதி சராசரி 24 அடி ஆழம்தான். வெயில் பட்டதும் சூடாகிவிடும். பாசிக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவு பெரிய ஏரியில் பாசி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று படகில் போய்ப் பார்த்து மாளுமா? அதற்குத்தான் வானத்தில் ஒரு கண் வைத்தார்கள்.

பட்டுப் புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டு வந்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து வாங்குகிறீர்களல்லவா? செயற்கைக் கோளும் அதையேதான் செய்கிறது. சூரிய ஒளி நீரில் பட்டுத் திரும்பி வருகிறது. பாசியில் உள்ள நிறப்பொருள்கள் சில வர்ணங்களை விழுங்கிவிட்டு, மற்றவற்றைத் திருப்பி அனுப்பும். எது குறைந்தது, எது கூடிற்று என்று அளந்தால் பாசி இருக்குமிடம் தெரிந்துவிடும். ஒரு சங்கடம்: மேலே போய்ச் சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று மண்டலத்தின் உபயம். அதைக் கணக்குப் போட்டுக் கழித்த பிறகே தண்ணீரின் சொந்த நிறம் கிடைக்கும்.

ஐரோப்பியர்கள் 2002-ல் ஏவிய என்விசாட் இந்த வேலையை அழகாகச் செய்தது. 2012 ஏப்ரலில் அது திடீரென்று மௌனமாகிவிட்டது. ஆகவே டொலீடோ தவித்த சமயத்தில் அந்தக் கூரிய கண் இல்லை. அதைவிட மங்கலாய்ப் பார்க்கும் அமெரிக்கக் கோள் ஒன்றை வைத்துச் சமாளித்தார்கள். 2016-லும் 2018-லும் சென்டினல்-3 ஜோடி மேலே போயிற்று. 500 மைல் உயரத்திலிருந்து 21 வர்ணப் பட்டைகளில் பார்க்கிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது 300 மீட்டர் சதுரம். மயிலாப்பூர்க் கோயில் குளம் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். சிறிய குளங்களுக்கு இது உதவாது, வேறு கோள்கள் உண்டு.

சரி, கண் இருந்தால் ஆபத்து இல்லையா? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஏரியில் பாசியின் கடுமைக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2011-ல் அது 10, 2015-ல் 10.5. தண்ணீர் நின்றுபோன 2014-லோ 6.5 தான்! பாசி அதிகமாயிருந்த வருஷங்களில் வராத வினை, குறைந்த வருஷத்தில் வந்தது.

காரணம் காற்று. பாலை ஆடாமல் வைத்தால் ஏடு மேலே படியும். கரண்டியால் கலக்கினால் உள்ளே போய் மறையும். இந்தப் பாசியும் அப்படித்தான். அமைதியான நாளில் மேலே மிதந்து வானத்துக் கண்ணில் படும். காற்று அடித்தால் கலங்கி அடியில் போய்விடும். டொலீடோ நீர் எடுக்கும் கிணறு கரையிலிருந்து 3 மைல் தள்ளி ஏரிக்குள் இருக்கிறது. காற்று அதன் பக்கம் பாசியைத் தள்ளி, கீழேயும் கலக்கிவிட்டது. மேகம் மூடினால் செயற்கைக் கோளுக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்தாலும் பச்சையைத்தான் பார்க்கும். விஷத்தை அதனால் பார்க்க முடியாது. விஷத்தைக் கண்டது நகரத்தின் நீர்ச் சோதனைச் சாலைதான்.

ஆகையால் இப்போது இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. கோடை வந்தால் அமெரிக்காவின் கடல், வாயுமண்டல நிர்வாகம் கோள் படத்தையும் காற்றுக் கணிப்பையும் சேர்த்து, பாசி எங்கே போகும் என்று முன்கூட்டி அறிக்கை விடுகிறது. படகில் போய்த் தண்ணீர் மொண்டு வந்தும் சோதிக்கிறார்கள். பாசி கிணற்றை நெருங்குகிறது என்றால் சுத்திகரிப்பு நிலையத்தில் கரித்தூளைக் கூடுதலாகப் போட்டு விஷத்தை உறிஞ்ச வைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், இவ்வளவு சாமர்த்தியத்தில் பாதியை வயல் உரத்தின் பேரில் காட்டியிருந்தால் மாமீக்கு இந்தக் கெட்ட பெயரே வந்திராது.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் தோணித்துறையில் ஏறி, புட்-இன்-பே தீவுக்குப் போய் வாருங்கள். 1813-ல் நடந்த கப்பற்போரின் ஞாபகமாக 352 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. ஆகஸ்டில் அதன் உச்சியிலிருந்து பார்த்தால், சில வருஷங்களில், நீரில் பச்சைப் பட்டைகள் நெளிவது தெரியும். கரையோரம் பச்சை வர்ணம் கொட்டினாற்போல் இருந்தால் குழந்தைகளை இறக்காதீர்கள்; வளர்ப்பு நாயையும் நக்க விடாதீர்கள். குளிக்க ஆசையானால் ஜூனிலேயே போய்விடுங்கள். அப்போது பாசி பெரும்பாலும் தலைகாட்டியிராது.