கொடுத்த காசோலையை நிறுத்தலாமா?



பிழைப்புக்காக ஊரைவிட்டுப் பட்டணங்களில் வந்து குடியிருக்கும் உங்களில் அநேகர், வீட்டு முன்பணம், தொழிற்கடன், சரக்குக் கொள்முதல் என்று ஏதோ ஒன்றுக்காகக் காசோலை எழுதிக் கொடுத்திருப்பீர்கள். "பாஸ்டர், கொடுத்த செக்கை நிறுத்துவது பாவமா?" என்று ஆராதனைக்குப் பின்பு என்னிடம் தனியே கேட்டவர்கள் உண்டு. ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல இது.

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் சிறு பட்டறை வைத்திருக்கும் நம் சபையின் சகோதரர் ஒருவர், தோல் வியாபாரிக்கு 40,000 ரூபாய்க்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தார். பைகளை வாங்கவேண்டிய கடைக்காரர் கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கணக்கில் பணமில்லை. "செக் தொலைந்துவிட்டது என்று வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுகிறேன், காரியம் ஜெயமாக ஜெபியுங்கள்" என்றார். தோல் வந்தது, பையாகவும் தைத்தாயிற்று. காசோலையோ வியாபாரியின் பெட்டியில் பத்திரமாய் இருக்கிறது. தொலைந்தது என்று எப்படி எழுதுவது? அந்த ஜெபத்தை நான் ஏறெடுக்கவில்லை.

தனக்கு நஷ்டம் நேரிட்டாலும் சொன்ன சொல்லை மாற்றாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று 15-ம் சங்கீதம் போதிக்கிறது. தேச சட்டமும் இதில் கண்டிப்பானது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு, பணமில்லாமல் திரும்பும் காசோலைக்கு மட்டுமே உரியது என்று பலர் நினைக்கிறார்கள். கொடுத்தவரே நிறுத்திய காசோலைக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்பளித்தது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் நீங்கள் பணம் செலுத்தாவிட்டால் வழக்கு. இரண்டு ஆண்டுகள்வரை சிறை, அல்லது தொகையைப்போல் இருமடங்குவரை அபராதம், அல்லது இரண்டுமே.

நானும் அவரோடுகூட அந்த வியாபாரியிடம் போனேன். கால்மணி நேரம் இந்தியில் திட்டினார். சகோதரர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து காசோலையைத் திருப்பிக் கொடுத்து, மாதம் 10,000 வீதம் நான்கு தவணை என்றார். மூன்றாம் தவணை பத்து நாள் தாமதித்தது. அதையும் சகோதரர் முன்னதாகவே நேரில் போய்ச் சொன்னார். எல்லா வியாபாரிகளும் இப்படி இணங்குவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் வேறொரு சகோதரியின் காரியம் முற்றிலும் வேறானது. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜெண்ட், தொகை எழுதாத இரண்டு காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலுவலகத்தையே பூட்டிவிட்டார். "கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டேனே, நிறுத்தலாமா?" என்று அந்தப் பிள்ளை கலங்கியது. வஞ்சகனுக்கு நாம் எந்தக் கடனும் பட்டவர்களல்ல. பிணைப்பட்டுச் சிக்கிக்கொண்டவன், வேடன் கைக்குத் தப்பும் மானைப்போல விரைந்து தப்பவேண்டும் என்றே நீதிமொழிகள் 6-ம் அதிகாரம் புத்தி சொல்லுகிறது.

விரைவு என்பது இங்கே வெறும் பேச்சல்ல. பணம் பட்டுவாடா ஆனபின் எந்த வங்கியும் நிறுத்த முடியாது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் அன்றைய தினமே தீர்வாகும் முறை வந்திருப்பதால், முன்போல ஓரிரு நாள் அவகாசமும் இல்லை. எனவே அந்தச் சகோதரி அன்று காலையிலேயே வங்கிக்குப் போய், கணக்கு எண்ணையும் காசோலை எண்களையும் குறிப்பிட்டு, ஏஜெண்ட் ஏமாற்றிய உண்மையான காரணத்தையே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினார். கட்டணம் பிடித்தார்கள், போகட்டும். பிற்பகலில் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அந்தக் காசோலைகளில் ஒன்று 75,000 ரூபாய் என்று எழுதப்பட்டு வங்கிக்கு வந்து, திரும்பிப்போயிற்று. அவர் கணக்கில் அந்தப் பணம் இருந்தது. இனி நோட்டீஸ் வந்தாலும், கடன் எதுவும் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையதே. ஆகையால் வங்கி முத்திரையிட்ட நகலையும் புகார் ரசீதையும் வேதாகமத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்.