இழைக்க வேண்டிய இடம்

வில்லை ஒடித்தவர் என்றால் எல்லோருக்கும் ராமர்தான் ஞாபகத்துக்கு வருவார். போன மாதம் நானும் ஒடித்தேன். ராமருக்கு சீதை கிடைத்தாள். எனக்கு உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு.

'மேரி ரோஸ்' என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பல் 1545-ல் மூழ்கியது. 1982-ல் அதை வெளியே எடுத்தார்கள். உள்ளே கிடந்த 'யூ' மர விற்களில் நூற்றுக்கும் மேலானவை முழுசாக இருந்தன. 437 வருஷம்! படித்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. மரக்கடையில் ஆறடி ஆஷ் பலகை வாங்கிவிட்டேன்.

பலகையைச் செதுக்கினால் மட்டும் வில் ஆகிவிடாது. நடுவைச் சுவர்க்கட்டையில் பொருத்தி, நாணைக் கொஞ்சமாக இழுத்து, எட்ட நின்று பார்க்கணும். வளையாத இடத்தில், எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம், லேசாகச் சுரண்டணும். மறுபடி இழுக்கணும். இரண்டு பாதியும் ஒரே சீராக வளையும்வரை இதே வேலை. 'டில்லரிங்' என்கிறார்கள். நிறைய விற்கள் உயிரை விடுவது இங்கேதான்.

வளையும்போது வில்லின் முதுகு இழுபடும், வயிறு அமுங்கும். முதுகில் ரேகை அறுபட்டிருந்தால் அங்கே பிளக்கும். கணு இருந்தாலும் ஆபத்து. மரம் ரொம்பக் காய்ந்திருந்தாலும் ஆபத்து. என் பலகையில் இது எதுவும் இல்லை.

ஆனால், இடது பாதியில் ஓர் இடம் அழகாக வளைந்தது. அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே இன்னும் சுரண்டினேன். கனம் 10 சதவிகிதம் குறைந்தால் விறைப்பு 27 சதவிகிதம் குறையுமாம். பி.காமில் இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. மற்ற இடமெல்லாம் சும்மா நிற்க, மொத்த பாரமும் அந்த நாலு விரல் அகலத்தில். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. பொருட்படுத்தாமல் இழுத்தேன். படார்!

மாடி வீட்டில் அலமாரி வேலைக்கு வந்திருந்த தச்சர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். "மரத்து மேல தப்பில்ல சார். வளையற இடத்துலயே வேலை வாங்கியிருக்கீங்க. அதைத் தொடாம, ரெண்டு பக்கமும் விறைப்பா நிக்குது பாருங்க, அங்கல்ல இழைக்கணும்?"

அன்று ராத்திரி திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். ஞாபகம் தப்பிப்போன அம்மாவை இரண்டு வருஷமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பெங்களூரு அண்ணனும் நானும் பணம் அனுப்புகிறோம். 'அக்கா முகம் சுளிக்க மாட்டா' என்று எங்களுக்கு ஒரு தைரியம்.

"ஒண்ணுமில்லடா. ராத்திரி தூக்கம்தான் இல்ல, கொஞ்சம் இடுப்பு வலி."

டிக்.

"அக்கா, அடுத்த மாசம் முழுக்க நான் அங்கே வந்து இருக்கேன். கட்டுரையை எங்கேர்ந்தும் எழுதலாம். நீ உன் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வா."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நிஜமாவாடா?" என்றாள்.

உடனே அண்ணனுக்கும் போன் போட்டேன், அதற்கடுத்த மாசம் உங்கள் முறை என்று. அவர் விறைப்பாகத்தான் பேசினார். பரவாயில்லை. இழைக்க வேண்டிய இடம் அதுதான்.