அளவறிந்து ஊட்டல்

பெரியதைக் காப்பது கடினம், சிறியதைக் காப்பது எளிது என்று உலகத்தார் எண்ணுவர். நீரைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. கடலில் ஒரு திமிங்கிலம் மடிந்து அழுகினாலும் கடல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட 80 லிட்டர் கடல்நீரிலோ ஒரு நத்தை செத்தால் போதும். மறுநாளே நீரின் இயல்பு மாறத் தொடங்கிவிடும். கடலுக்குப் பொறுமை உண்டு. தொட்டிக்கு அது இல்லை. அதன் பொறுமையாக இருக்கவேண்டியவன் அதனை வளர்ப்பவனே.

கோல சிலாங்கூரில் வாழும் ஒருவன் வீட்டுக் கூடத்தில் பவளம் வளர்க்கிறான் என்றால், கேட்போர் நகைப்பதில் வியப்பில்லை. எங்கள் கடலில் பவளம் ஏது? மலாவாத்தி குன்றின்மேல் நின்று மேற்கே நோக்கினால் தெரிவது நீலக் கடலன்று. சேற்றின் நிறம் தோய்ந்த நீர்ப்பரப்பு. சிலாங்கூர் ஆறு மலையடிவாரத்திலிருந்து அள்ளிவரும் வண்டலை இங்கேதான் இறக்கிவைக்கிறது. அந்த வண்டலில் அலையாத்தி மரங்கள் தழைக்கின்றன. கம்போங் குவாந்தானில் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. சேற்றுத் தரையில் கெராங் சிப்பிகள் கொழுக்கின்றன. பாசிர் பெனாம்பாங் மீனவர்களின் அடுப்பு எரிவதும் இவ்வளத்தால்தான். எங்கள் கடல் உணவு மிகுந்த கடல்.

பவளம் விரும்புவதோ வேறு கடல். ஒளி ஊடுருவும் தெளிந்த நீர், உணவுச் சத்து மிகக் குறைந்த நீர், அதற்கு வேண்டும். சார்லஸ் டார்வின் 1842இல் பவளத்திட்டுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இவ்வளவு வறிய நீரில் இத்தனை உயிர்கள் எவ்வாறு செழிக்கின்றன என்னும் புதிர் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் விடையில் ஒரு பகுதி பவளத்தின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பவள உயிரியின் திசுவில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக்கொண்டு சர்க்கரை ஆக்கிப் பவளத்திற்கு ஊட்டுகின்றன. பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகத் தருகிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. வறுமையிலும் செம்மையாக வாழும் குடும்பம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இக்குடும்பத்தை வீட்டுக்குள் வாழவைக்க முயன்றவர்களுள் முன்னோடி ஒருவர் நம் அண்டை நாட்டவர். ஜாகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1961இல் தம் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் விளக்கினார். பெரிய இயந்திரங்கள் எவையும் அவரிடம் இல்லை. நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறைகளை நீரில் அடுக்கி, மெல்லக் காற்றுக் குமிழிகளை விட்டார்; எஞ்சிய பணியைப் பாறையிலுள்ள உயிர்கள் பார்த்துக்கொண்டன. என் தொட்டியும் அவ்வழியில் வந்ததே. எண்பது லிட்டர் நீர், ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு உப்பு, நான்கு சிறு மீன்கள், பண்ணையில் வளர்த்துத் துண்டாக்கி உரிமச் சீட்டுடன் விற்கப்பட்ட ஏழு பவளங்கள். இவ்வளவே என் கடல்.

அதனை ஆள்வது எளிதன்று. மீனுக்கு இடும் உணவு மீனோடு முடிந்துவிடுவதில்லை. அதன் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா பிறக்கிறது. அது நஞ்சு. பாறையிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. ஆனால் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். இதனுடன் பாஸ்பேட்டும் சேரும். தொட்டி வளர்ப்போர் பலர் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம்வரை நைட்ரேட்டையும், 0.03 முதல் 0.1 மில்லிகிராம்வரை பாஸ்பேட்டையும் தக்க அளவாகக் கொள்வர்.

இந்த அளவின் நுண்மையை மாணவர்கள் ஒரு கணக்கால் உணரலாம். உலர்ந்த மீனுணவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று கொள்வோம். ஒரு கிராம் உணவில் அது 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். அது முழுவதும் 80 லிட்டரில் கரைந்தால் லிட்டருக்கு 0.37 மில்லிகிராமுக்கு மேல் வரும். இரண்டு விரல் நுனியில் அள்ளும் உணவு, தக்க அளவை ஏறத்தாழ நான்கு மடங்கு மீறச் செய்துவிடும்! மீனின் உடலும், பாசியும், நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவியும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதால்தான் தொட்டி பிழைக்கிறது. நீரை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், 20 இருந்த நைட்ரேட்டு 18 ஆகும்; அவ்வளவுதான். வரவைக் குறைக்காமல் செலவை மட்டும் கூட்டி எந்தக் கணக்கையும் நேராக்க முடியாது.

என் தொட்டியின் வரவு என் அன்னையின் கையில் இருந்தது.

அவர் வட சிலாங்கூர்த் தோட்டமொன்றில் முதலில் பால்மரம் சீவியவர். பின்னர்ச் செம்பனைக்கு உரம் போட்டவர். எங்கள் வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் உள்ள உறவு பழையது. பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. அதனைத் தொடங்கியவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி போக்கோனியே. தோட்டத்தின் பெயரிலோ தமிழ் ஒலிக்கிறது. உர மூட்டையைப் பிரித்து, வாளியில் சுமந்து, நிரை நிரையாக நடந்து, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வட்டமாக மங்கினால் அள்ளி வீசியவர்கள் பெரும்பாலும் நம் பெண்களே. அவ்வுரம் அவர்கள் விரல்களை வெடிக்கச் செய்தது. அவ்வெடிப்புகளின் தழும்பு இன்றும் என் அன்னையின் கையில் இருக்கிறது.

எண்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு வேலை இல்லை. காலையில் நாங்கள் பணிக்குச் சென்றபின் தொட்டியின் எதிரே அமர்ந்துவிடுவார். அவர் நிழல் பட்டதும் நான்கு மீன்களும் கண்ணாடியருகே ஓடிவரும். பசியென்று ஓடிவரும் உயிரைப் பார்த்துக்கொண்டு வாளாயிருக்க அவரால் இயலாது. லயத்துக் காலத்தில், பிள்ளைகளுக்குப் பங்கிட்டபின் சட்டியில் ஒன்றும் மிஞ்சாத இரவுகளை அறிந்தவர் அவர். ஆகவே மீன்கள் எத்தனைமுறை வந்தனவோ அத்தனைமுறை உணவு விழுந்தது. நைட்ரேட்டு 40ஐத் தொட்டது, பாஸ்பேட்டு 0.4 ஆயிற்று. பச்சை மயிர்போன்ற பாசி பாறைகளைப் போர்த்தது. பவளங்கள் ஒவ்வொன்றாகத் தம் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டன.

காரணம் எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் நா எழவில்லை. உணவளிப்பதை நிறுத்துங்கள் என்று ஒரு முதியவளிடம் கூறுவது, இவ்வீட்டில் உமக்கு இருந்த ஒரே பணியும் இனி இல்லை என்று கூறுவதாகும். பவளம் போனால் வேறு வாங்கலாம். அந்த முகம் வாடினால் எங்கே போய் வாங்குவது?

பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் துருநிறத் துகள்களை நிறையப் போட்டு, எல்லாவற்றையும் உறிஞ்சிவிடலாமே என்றார் ஒரு நண்பர். அந்தத் துகள்களின் வேலை தோட்டத்து மண்ணின் வேலையே. நம் செம்மண்ணிலுள்ள இரும்பும் பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொண்டு வேருக்குத் தராமல் இழுத்தடிக்கும். ஆனால் முற்றாக உறிஞ்சுவதிலும் கேடு உண்டு. சத்து ஒரேயடியாக இல்லாமற்போன தொட்டியொன்றை வேறோர் ஊரில் கண்டிருக்கிறேன். நீர் பளிங்குபோல் இருந்தது. பவளங்களோ வெளுத்து, எலும்பு தெரிய நின்றன. மணல்மேல் பழுப்புநிறச் சளிபோல் வேறொரு நுண்பாசி படர்ந்திருந்தது. யோர்க் வீடன்மான் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நைட்ரேட்டு மிகுந்து பாஸ்பேட்டு வறண்ட நிலையில் பவளங்கள் வெப்பத்தையும் ஒளியையும் தாங்காமல் எளிதில் வெளுக்கின்றன என்று காட்டியது. மிகுதி ஒரு நோய். வறுமை ஒரு நோய். ஒன்று மிகுந்து மற்றொன்று குறைவது மூன்றாவது நோய்.

இம்மூன்றையும் என் அன்னை முன்பே அறிந்திருந்தார் என்பதை ஒரு மாலைப்பொழுதில் உணர்ந்தேன். அளவுக் குழாயில் நீரை ஊற்றி, மருந்துத் துளியிட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னய்யா பாக்குற?" என்றார்.

"உரம் எவ்வளவு இருக்குன்னு பாக்குறேம்மா. இந்தப் பாசியெல்லாம் உரம் கூடினதால வந்தது" என்றேன்.

அவர் சற்றுநேரம் பச்சைப் பாசியையே நோக்கினார். "மண்டோரு ஓலைய அறுத்துக்கிட்டுப் போவாரே, பதினேழாவது ஓலை, அது மாதிரியா?" என்று கேட்டார்.

அதுபோலவேதான். செம்பனையின் பதினேழாம் ஓலையை அறுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதிலுள்ள சத்தை அளந்தே அடுத்த உரத்தின் அளவைத் தோட்டத்தார் முடிவுசெய்வர். ஆய்வறிக்கையை அவர் கண்டதில்லை. ஆனால் ஓலை வெளிறினால் நைட்ரஜன் குறைவு, ஆரஞ்சுப் புள்ளி விழுந்தால் பொட்டாசியம் குறைவு என்பதைப் பெயர் சொல்லாமலே அறிவார். பெருமழைக்கு முன் வீசிய உரம் மரத்தைச் சேராமல் கால்வாயைச் சேரும் என்பதையும், அக்கால்வாயில் ஆகாயத்தாமரை அடர்ந்துவிடும் என்பதையும் கண்ணால் கண்டவர்.

"அப்ப இதுக்கு ஒரு நாளைக்கு எத்தன மங்கு?" என்றார். அவ்வொரு கேள்வியில் என் பாரம் இறங்கியது. மங்குக்கு மாற்றாக, மருந்துக் குப்பியோடு வரும் சிறு கரண்டி ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். காலையில் அரைக் கரண்டி, மாலையில் அரைக் கரண்டி என்று அவரே பகுத்தார். உறைந்த இறாலைக் கழுவி, அந்நீரைக் கொட்டிவிட்டுப் போடும் பழக்கத்தையும் மேற்கொண்டார். வாரந்தோறும் 12 லிட்டர் நீரை நான் மாற்றினேன். பக்கத்துச் சிறு பெட்டியில் நூல்போன்ற கடற்பாசியை வேண்டுமென்றே வளர்த்து, அது பெருகப் பெருக அறுத்தெறிந்தோம்; அது உண்ட சத்தும் அதனோடு வெளியேறியது. துருநிறத் துகளையும் கொஞ்சமே பயன்படுத்தினோம்.

மாற்றம் உடனே வரவில்லை. பாறைகள் தாம் பற்றியிருந்த பாஸ்பேட்டை மெல்ல மெல்ல நீரில் விட்டுக்கொண்டிருந்தன. மூன்று திங்கள் கழித்தே நைட்ரேட்டு 10க்கும், பாஸ்பேட்டு 0.09க்கும் வந்தன. ஏழு பவளங்களில் இரண்டு பிழைக்கவில்லை. எஞ்சிய ஐந்தும் கைவிரித்தன. அவற்றின் நிறம் தேறியதை அளவுக் கருவிக்கு முன்பே என் அன்னை சொல்லிவிட்டார். "இது பசி தீந்த நெறம்யா" என்றார். நூல்களில் காணாத சொற்றொடர் அது.

ஒரு வீட்டுத் தொட்டியின் கதைதானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேற்கு ஜொகூர் நீரிணையில் நுண்பாசி பெருகியதால் கூண்டுகளில் வளர்த்த மீன்கள் பெருமளவில் மடிந்தன. செம்பனை ஆலைகளின் கழிவுநீர் ஒருகாலத்தில் நேரே ஆறுகளில் கலந்தது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் வந்த விதிகளும் அக்கழிவைக் குளங்களில் தேக்கி, நுண்ணுயிர்களால் தூய்மையாக்கிய பின்னரே வெளியேற்றச் செய்தன. என் பாறையிலுள்ள நுண்ணுயிரும் அக்குளங்களின் நுண்ணுயிரும் ஒரே தொழிற்குலத்தவை. கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் பிழைக்கும் விதியே ஆற்றிலும் நீரிணையிலும் நடக்கிறது. கடலின் பொறுமை நெடிது என்பதால் தண்டனை தாமதிக்கிறது, அவ்வளவே.

ஆசிரியப் பெருமக்கள் இதில் தம் தொழிலையும் காணக்கூடும். ஓடிவரும் மாணவனுக்கெல்லாம் ஒரேயடியாக அள்ளிக் கொட்டுவதும், தூய்மை கெடுமென்று எதனையும் ஊட்டாதிருப்பதும் ஒன்றுபோல் தீங்கானவை. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசியது கருதத்தக்கது. அன்புக்கு அளவில்லை என்பர். அன்புக்கு இல்லாதிருக்கலாம், அன்பு ஊட்டும் கைக்கு அளவு வேண்டும். அந்த அளவை நூலிலிருந்தும் கற்கலாம். மழைக்கும் வெயிலுக்கும் நடுவே, வெடித்த விரல்களால் மரத்துக்கு மரம் உரம் அளந்து வைத்த ஒருத்தியிடமிருந்தும் கற்கலாம். நம் வீடுகளில் இத்தகைய கல்வியுடையோர் பலர், கேட்பாரின்றி அமர்ந்திருக்கிறார்கள்.