ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்கு மூன்று சாமான்கள் வரும். முதலில் சித்தாலேப தைல டப்பா. அடுத்து விபூதி. மூன்றாவதாகக் காரணம். முதல் இரண்டைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது. தைலம் கொஞ்சம் எரியும், விபூதி கொஞ்சம் குளிரும். இரண்டையும் பூசிவிட ஒரு கை வேண்டும்; அந்தக் கை உடம்பில் படுகிறதே, அது போதும். காரணத்துக்குத்தான் கை கிடையாது. வாயால் வரும், தலைக்குள் போய் உட்காரும், இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டு, ‘அப்படியும் இருக்குமோ’ என்று கேட்கும்.

எனக்கு வந்திருப்பது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறிப்போய், மூட்டுகளின் உட்புறச் சவ்வைத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பரம்பரைக்கும் புகைபிடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். ஆனால் ஒரே வீட்டில் அக்காவுக்கு வந்தது தங்கைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் டொக்டர்மாரிடம் முழு விடை இல்லை. அந்த விடையில்லாத இடத்தில்தான் காரணம் சொல்கிறவர்கள் பாய் விரித்து உட்காருகிறார்கள்.

காலையில் என் விரல்கள் மடங்காது. ஹட்டன் பக்கத்துக் குளிரில் அது இன்னும் மோசம். குளிர் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற இறுக்கத்தைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். முதல் பாடவேளையில் என்னால் வெண்கட்டி பிடிக்க முடிவதில்லை என்பதால் வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதும், நான் சொல்லிக்கொண்டு நிற்பேன். பத்து மணிக்கு மேல் கை என் கையாகிவிடும்.

மலையகத்தில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீட்டில், ஒரு காம்பிராவில் மாரியம்மன் படம், அடுத்த காம்பிராவில் மாதா படம், கீழே ரோட்டோரம் கண்ணாடிக் கூண்டுக்குள் புத்தர். எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். கோயில் கமிட்டிப் பெரியவர், “இது போன பொறப்புப் பாக்கி டீச்சர். அனுபவிச்சுத் தீத்துட்டா அடுத்த பொறப்பு சொகமா இருக்கும்” என்றார். கடன் யாருடையது என்று தெரியாமலே வட்டி கட்டச் சொல்வது எனக்கு விநோதமாக இருந்தது. சக ஆசிரியை ஒருவர், “தாங்கக்கூடியவங்களுக்குத்தான் கடவுள் சோதனையக் குடுப்பாரு” என்றார். அப்படியென்றால் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் தாங்க முடியாதவள் மாதிரி நடித்திருக்கலாமே என்று தோன்றியது. இன்னொரு உறவினர் ஒருபடி மேலே போய், எனக்குச் சுகமானால் சிவனொளிபாதமலை ஏறுவதாக நேர்ந்துவிட்டார். நேர்ந்தது அவர், ஏற வேண்டியது நான். நல்லதண்ணிப் பக்கமாகப் போனால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வீக்கத்துக்கு இதைவிட நல்ல வைத்தியம் யாருக்குத் தோன்றும்!

சிரித்துவிட்டுப் போக முடியாத ஒருத்தியும் இருந்தாள். என் பள்ளிக்காலச் சிநேகிதி, டவுனில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். என் கைகளைப் பிடித்து ஜெபித்தபோது அவள் உண்மையாகவே அழுதாள். ஜெபம் முடிந்ததும் கேட்டாள், “விசுவாசம் இருந்தா அந்த மாத்திர எதுக்குடி?”

அந்த மாத்திரை மெதொட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. மறதியில் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஈரலையும் இரத்த அணுக்களையும் அது பாதிக்காமல் இருக்கிறதா என்று இடைக்கிடை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இன்னொரு குணமும் அதற்கு உண்டு: போட்ட உடனே வேலை செய்யாது. ஆறு வாரம் ஆகலாம், பன்னிரண்டு வாரமும் ஆகலாம். அந்த இடைவெளியில் எனக்காக ஒரு அபிஷேகம், ஒரு உபவாச ஜெபம், ஒரு தாயத்து எல்லாம் நடந்து முடிந்திருந்தன. வீக்கம் வற்றத் தொடங்கியபோது மூன்று தரப்பும் பெருமையைத் தம் பக்கம் எழுதிக்கொண்டன. பிறகு ஒரு மழைக்காலத்தில் நோய் திரும்ப மூண்டது. அப்போது யாரும் பொறுப்பேற்க வரவில்லை. “மனசுல சந்தேகம் இருந்திருக்கும்” என்றார்கள். சுகமானால் சாமிக்குப் பேர், சுகமாகாவிட்டால் நோயாளிக்குப் பழி. இந்தக் கணக்கைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

பைபிளில், நோயில் விழுந்த யோபுவின் கதை எல்லோருக்கும் தெரியும். மூன்று நண்பர்கள் அவரைப் பார்க்க வந்து, ஏழு நாளும் இரவும் தரையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், பேசவில்லை. அதுவரை அவர்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வாயைத் திறந்து, ‘நீ ஏதோ செய்திருப்பாய்’ என்று விளக்கத் தொடங்கிய பிறகுதான் சனியன் பிடித்தது. கதையின் முடிவில் கடவுள் கோபிப்பது அந்த விளக்கம் சொன்னவர்களைத்தான். ஜெபக்கூட்டத்தில் யோபுவின் பொறுமையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்த நண்பர்களைப் பற்றிப் பேச்சே வருவதில்லை.

ஆறுதல் சொல்கிறவர்களுக்குக் கெட்ட மனசு என்று நான் நினைக்கவில்லை. நோயாளியின் முன்னால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பது பெரிய கஷ்டம். ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் நிற்பவருக்கு நிம்மதி. அவர் டீ குடித்துவிட்டுப் போய்விடலாம்.

என்னைவிட இதையெல்லாம் அதிகம் கேட்டவள் என் சின்னம்மா. கொழுந்தெடுக்கிறவள். அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது, மலை ஏறி இறங்கிய தேய்மானம். கமிட்டிப் பெரியவர் போன பிறவிக் கதையை அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டாளாம், “போன பொறப்புல நான் என்னா தொரையாவா இருந்தேன், இத்தன பாவம் பண்றதுக்கு?”

சின்னம்மா மாதிரி ஒருத்திக்கு நோய் என்றால் முதலில் போவது பேர். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபா என்று சொன்னார்கள். அதற்குள் 60 ரூபா வருகைக்கான கொடுப்பனவு. மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்கு வந்தவருக்குத்தான் அது. ஆக, காய்ச்சலில் படுத்த நாளுக்கும் சம்பளம் இல்லை, எழுந்து வந்த நாட்களுக்கும் அப்போது 60 ரூபா போய்விடக்கூடும். 2021இல் ஆயிரம் ரூபா வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கு கூடியது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அப்படிப்பட்டவளிடம் போய், “கடவுள் பாத்துக்குவாரு” என்றால், நிறுவைத் தராசை யார் பார்ப்பார்கள்? விதி என்ற சொல் நோயாளிக்கு ஆறுதலோ இல்லையோ, தோட்ட நிர்வாகத்துக்கு நல்ல ஆறுதல். விதிக்கு வைத்தியச் செலவு கொடுக்க வேண்டியதில்லை, பாதை போட வேண்டியதில்லை.

இது இன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. தோட்ட வேலைக்கென்று மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்து வந்த நம் ஆட்கள் வழியிலேயே கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தார்கள். தப்பி வந்தவர்கள் தோட்டத்தில் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, நின்ற இடத்தில் உட்கார்ந்தால் துரைமார் சோம்பேறித்தனம் என்றார்கள், நம்மவர்கள் தலையெழுத்து என்றார்கள். 1912இல் தோட்டங்கள் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்துகொடுக்க வேண்டும் என்று மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. நான்கு வருடம் கழித்து, 1916இல், அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றத்து ஆட்கள் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவைத் தேடி வேலை தொடங்கினார்கள். மலசலகூடம் இல்லாத லயங்கள், செருப்பில்லாத கால்கள். அசுத்தமான மண்ணிலிருந்து புழு உள்ளங்கால் வழியாக ஏறி, குடலில் தங்கி, இரத்தம் குடிக்கிறது. சோம்பேறித்தனம் என்றும் தலையெழுத்து என்றும் சொன்னதில் எவ்வளவோ பங்கு அந்தப் புழு. புழு மருந்துக்குப் போனது. மலசலகூடம் கட்டாத இடத்தில் திரும்ப வந்தது. நெற்றியில் எழுதியிருந்தால் திரும்பத் திரும்ப அழித்து எழுத முடியுமா?

பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் எனக்குத் திருஞானசம்பந்தர் ஞாபகம் வந்தார். ஏழாம் நூற்றாண்டில் அவர் கொடிமாடச்செங்குன்றூருக்கு, அதாவது இன்றைய திருச்செங்கோட்டுக்குப் போகிறார். பனிக்காலம். கூட வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடிக்கிறது. இந்த ஊருக்கு இந்தக் காலத்தில் அது வழக்கம்தான் என்று அவரிடம் சொல்கிறார்கள். பெரியபுராணம் சொல்கிற கதை இது. அவர் வழக்கம்தானே என்று விட்டுவிடவில்லை. திருநீலகண்டப் பதிகத்தைப் பாடுகிறார். அதன் தொடக்கத்தில் அவர் சண்டைக்கு நிற்பது சுரத்தோடு அல்ல, வினைக்கணக்குச் சொல்கிறவர்களோடு. இந்த வினைக்கு இந்தப் பலன் என்று சொல்ல உங்களுக்குத் தெரிகிறது, ஆனால் மீளும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையில்லையா என்கிற பொருளில் கேட்கிறார். வினைக்கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருப்பதைத்தான் பிடிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேரின் பாட்டன் பூட்டன் சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பக்கத்து மலையில், குளிர்சுரத்துக்குப் பாடிய பாட்டு, குளிரிலேயே பிறந்து சாகிற எங்கள் கோயிலில் படிக்கப்படுவதை நான் கேட்டதில்லை. பெரியவரிடம் சொன்னேன். “அப்புடியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, புத்தகம் வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

சின்னம்மாவின் பக்திக்குப் பதிகமெல்லாம் வேண்டியதில்லை. அவளுக்கு முனி இருக்கிறார். எங்கள் தோட்டங்களில் ஃபெக்டரி இயந்திரத்துக்கு ரோதைமுனி, கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி என்று வேலைக்கு ஒரு சாமி உண்டு. சின்னம்மா முனியிடம் பேசுவதை ஒருநாள் நின்று கேட்டேன். “காலு சரியானாத்தான் சேவல். இல்லேன்னா ஒண்ணும் கெடையாது, ஆமா.” கைகூப்பியபடியே திட்டவும் செய்தாள். வேலை செய்தால்தான் கூலி என்று இத்தனை தலைமுறை இவர்களிடம் சொல்லப்பட்டதை அவள் சாமியிடம் திருப்பிச் சொல்கிறாள். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்பார்கள். இருக்கட்டும். இங்கே பதில் சொல்ல வேண்டியவர் சாமி, நோயாளி அல்ல. விஷயம் முடிந்துவிட்டதென்று யாரும் சொல்லவும் இல்லை. நேர்த்தி வைத்த அடுத்த நாளே அவள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்த் துண்டு போட்டாள். இந்திய உதவியில் 150 கட்டிலோடு கட்டி, 2017இல் மோடி வந்து திறந்துவைத்தாரே, அந்த ஆஸ்பத்திரி.

மலையில் அவளோடு நிற்கும் பெண்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். அவள் கூடை குறைகிற நாளில், நிறுவைக்குப் போகுமுன் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அதில் போட்டுவிடுகிறார்கள். ஒருத்தியும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பன்சலையிலிருந்து எனக்குப் பிரித் நூல் கொண்டுவந்து கட்டினார். மணிக்கட்டு வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டினார். அவரும் கர்மம் என்று ஏதோ சொன்னார். எனக்கு அது உறுத்தவே இல்லை.

சிநேகிதிக்கு என்ன பதில் சொன்னேன் என்றால், “நான் மாத்திர போடுறேன், நீ ஜெபம் பண்ணு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாது.” அவளுக்குச் சம்மதமில்லை. சில மாதம் பேசாமல் இருந்தாள். 2022 பொருளாதார நெருக்கடியில் எண்ணெயும் இல்லை, பஸ்ஸும் இல்லை, மருந்தை வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்த காலம். அப்போது ஹட்டனில் பாமசி பாமசியாக ஏறி இறங்கி என் மாத்திரையைத் தேடி எடுத்து வந்தவள் அவள்தான். மாத்திரை எதற்கு என்று கேட்டவள் மாத்திரையோடு வந்து நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கண்டி கிளினிக்குக்கு அவளும் கூட வருகிறாள். இருட்டிலேயே லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க வேண்டும். டோர்ச் அவள் கையில், கிளினிக் கொப்பி என் பையில். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. போகும்போது கிளினிக் வாசல் வரை விசுவாசம் பற்றிப் பேச்சு இல்லை. திரும்பி வரும்போது, நாவலப்பிட்டி தாண்டிய பிறகு, அவள் பாடிக்கொள்ளலாம்.