ஆறு புள்ளி

2023 ஜூலை 25, செவ்வாய்

நாளை தம்பிக்கு மாற்றுத்திறனாளி சான்று கேட்டுப் போகும் முகாம். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், நான்கு போட்டோ, தம்பியின் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் எடுத்து வைத்தாயிற்று. சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கினால் 2019-லிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அவனுக்கு நோய் வந்தது 2010-ல், பாலிடெக்னிக் கடைசி வருஷத்தில். நடுவில் ஒன்பது வருஷத்துக்கு ஒரு காகிதம் இல்லை.

இருந்தது. அம்மா எரித்துவிட்டாள். முதன்முதலில் பார்த்த டாக்டர் சீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதியிருந்தார். 2012-ல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று சீட்டை அடுப்பில் போட்டாள். தம்பிக்குச் சென்னையில் வேலை என்று சொன்னோம். நான் மணவறையில் இருந்தபோது அவன் பெரியம்மா வீட்டு மாடியில் இருந்தான். பிறகு மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், அமாவாசைக்கு அமாவாசை கோழி. டாக்டரிடம் போனால் 'மெண்டல் வீடு' என்று பெயர் வரும். கோடாங்கியிடம் போனால் 'காத்து கருப்பு' என்று விட்டுவிடுவார்கள்.

காலையில் அவனைக் குளிக்க வைக்க வேண்டும், முகம் மழித்துவிட வேண்டும். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.

ஜூலை 26, புதன்

டோக்கன் 61. கூப்பிடும்போது மணி ஒன்றரை. கதவு திறந்தே கிடந்தது. அடுத்த டோக்கன்காரர் நிலைப்படியில் நின்றார், எங்கள் தெருக்காரர், முழங்காலைக் காட்ட வந்தவர்.

"குளிக்கிறது, சாப்பிடுறது எல்லாம் நீயேதானப்பா?"

"ஆமா சார்."

"வேலைக்குப் போறியா?"

"கடைக்குப் போறேன் சார்."

கடை என்றால் தெருமுனைப் பெட்டிக்கடை. அம்மா வெற்றிலை வாங்கிவரச் சொன்னால் போவான். சில நாள் நாங்கள்தான் தேடிப் போய் அழைத்து வருவோம்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுல எப்படி இருக்காரும்மா?"

ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் ஐந்து நாளானாலும் பல் தேய்க்க மாட்டான். சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவான். க்ளோசபின் மாத்திரையால் எச்சில் வடிந்து தலையணை நனையும். அந்த மாத்திரைக்காகவே மாதாமாதம் ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. நிலைப்படியில் நின்றவரைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"பரவாயில்ல சார்" என்றேன்.

ஜூலை 31, திங்கள்

முடிவு வந்தது: தம்பியின் இயலாமை 40 சதவீதத்துக்குக் கீழ். கணக்கை நர்ஸம்மா பொறுமையாக விளக்கினார். மனநோயால் வரும் இயலாமையை அளக்க 'ஐடியாஸ்' என்று ஓர் அளவுகோல் உண்டு. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தார் உருவாக்கியது, 2002-லிருந்து நடப்பில் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. அதோடு நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் புள்ளி: இரண்டிலிருந்து ஐந்து வருஷம் என்றால் 2, பத்து வருஷம் தாண்டினால் 4. கூட்டினால் ஆறு வரை 40-க்குக் கீழ். ஏழு வந்தால் 40 ஆரம்பம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் வருஷச் சட்டம் மனநோயையும் சேர்த்து 21 வகை குறைபாடுகளைச் சொல்கிறது. ஆனால் உதவி கேட்டு உள்ளே போக 40 வேண்டும்.

தன்னைப் பார்த்துக்கொள்வதில் தம்பிக்குப் பூஜ்யம். அது நான் தேய்த்த சட்டைக்கும் நான் மழித்த முகத்துக்கும் விழுந்த பூஜ்யம். பழகுவதில் 2, பேச்சில் 1, வேலையில் 1. நோய்க் காலத்துக்கு 2, ஏனென்றால் எங்கள் காகிதம் 2019-ல் பிறந்தது. மொத்தம் ஆறு. அம்மா அந்தச் சீட்டை எரிக்காமல் இருந்திருந்தால் எட்டு.

என் தாலிக்காக அவன் இரண்டு புள்ளி கொடுத்திருக்கிறான்.

மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 1,000-லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். பெரிய தொகை இல்லைதான். ஆனால் 33 வயதில் அவன் பெயருக்கென்று மாதாமாதம் வரும் முதல் பணமாக அது இருந்திருக்கும்.

அளவுகோல் மேல் எனக்குக் கோபமில்லை. நோயாளியையும் கேள், கூட இருந்து பார்ப்பவரையும் கேள் என்றுதான் அது சொல்கிறது. கேட்டார்கள். ஆனால் திறந்த கதவுக்கு முன்னால் கேட்டார்கள், நான்கு நிமிஷத்தில் கேட்டார்கள். முழங்காலைக் காட்ட அந்தத் தெருக்காரருக்குக் கூச்சமில்லை. தம்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வரிசை, ஒரே கதவு வைத்துவிட்டு அதைச் சமம் என்கிறார்கள். அது சமமில்லை.

ஆகஸ்டு 6, ஞாயிறு

இதே தேதியில் 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு, பெற்றவர்கள் எப்படி அங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். பதினோரு வருஷம் கழித்து நாங்களே அவனை மாடியில் வைத்தோம்.

இன்று அம்மாவிடம் சீட்டைப் பற்றிச் சொன்னேன். எரித்தது தப்பா என்று கேட்டாள். தப்புதாம்மா, எனக்காகப் பண்ணின தப்பு என்றேன். இரண்டு பேரும் அழுதோம். தம்பி உள்ளேயிருந்து வந்து தண்ணீர்ச் செம்பை எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்டு 14, திங்கள்

குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். சான்று கொடுப்பவர் முடிவு தவறென்றால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. மறுபடி பாருங்கள், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள், இந்த முறை முழுசாகச் சொல்கிறேன் என்று எழுதினேன். தம்பிக்கு நோய் வந்தது 2010-ல் என்று பெரியம்மாவும் அவனோடு படித்த இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மனுவின் முதல் வரியில் நோயின் பெயரை எழுதினேன். வாங்கியவர் அதைச் சத்தமாக வாசித்தார். பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நகரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டர் எழுதித் தந்த முதல் சீட்டை இன்றைக்கே தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.