எழுதும் கருவிக்கு எழுதுவது

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பது, நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுகள் கோப்புகளை எழுதப் பயன்படுத்தும் ஒரு கருவி. ஏஜென்ட்டின் உள்ளே இருக்கும் மொழி மாதிரி எந்தக் கோப்பையும் நேரடியாகத் தொடுவதில்லை. 'இந்தப் பாதையில் இதை எழுது' என்று ஒரு கோரிக்கை வைக்கும். டிஸ்க்கில் எழுதுவது நம் கருவி. கருவி என்ன செய்யும், என்ன கேட்கும் என்று நான் எழுதும் பத்தி, பயனரின் முதல் கேள்விக்கு முன்பே மாதிரியிடம் போய்விடும். போன வாரம் எந்தக் கோப்பு கெட்டது என்பது இந்த வாசகருக்கு ஞாபகம் இருக்காது. நான் எழுதியதையும் இந்த நிமிடம் எதிரே நடப்பதையும் வைத்துத்தான் முடிவெடுக்கும்.

மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதோடு வந்த எடுத்துக்காட்டு சர்வர்களில் கோப்புகளுக்கானதும் ஒன்று. அதன் எழுதும் கருவிக்கு இருக்கும் விளக்கம் சில வாக்கியங்கள்தான்: புதுக் கோப்பை உருவாக்கும், ஏற்கெனவே இருந்தால் முழுதாக மாற்றி எழுதும், எச்சரிக்காமல் மாற்றிவிடும், அனுமதித்த அடைவுகளுக்குள் மட்டும் வேலை செய்யும். பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை. சேதம் எங்கே நேரும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது.

ஆனாலும் 'முழுதாக' என்ற சொல்லை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது. முந்நூறு வரிக் கோப்பில் வரிவிகிதத்தை மட்டும் மாற்றச் சொன்னால், மாற்றிய இடத்தை எழுதிவிட்டு, கீழே 'மீதி பழையபடியே' என்று ஒரு குறிப்பு வரி போட்டு முடித்துக்கொள்ளும் பழக்கம் மாதிரிகளுக்கு உண்டு. மனிதர்கள் ஒருவருக்கொருவர் நிரலை விளக்கும்போது அப்படித்தான் எழுதுகிறோம். அதைப் படித்துத்தான் அவை வளர்ந்தன. நமக்கு அது புரியும். கருவிக்கு அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை அப்படியே எழுதிவிட்டு மீதி எல்லாவற்றையும் அழித்துவிடும். அதனால் இப்படி எழுதினேன்: 'நீங்கள் தருவதுதான் கோப்பின் முழு உள்ளடக்கம். தராத வரிகள் அழிந்துவிடும். சில வரிகளை மட்டும் மாற்ற, திருத்தும் கருவியைப் பயன்படுத்தவும்.'

நிரலால் தடுக்க முடிந்ததை விளக்கத்தின் தலையில் கட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடில், ஏற்கெனவே உள்ள கோப்பை அந்த அமர்வில் படிக்காமல் மாற்றி எழுதப் போனால் கருவியே மறுத்துவிடும். விளக்கத்திலும் அது இருக்கிறது. ஆனால் காவல் நிற்பது நிரல்.

அப்படி மறுக்கும்போது சொல்லும் வார்த்தைதான் கையேட்டின் முக்கியமான பக்கம். தொடக்கத்தில் படித்த விளக்கத்துக்கும் இந்த மறுப்புக்கும் நடுவே எத்தனையோ கோப்புகள் வந்து போயிருக்கும். பிழைச் செய்தி, தேவைப்படும் அந்தக் கணத்தில் வருகிறது. 'எழுத முடியவில்லை' என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் ஷெல் கட்டளை வழியாகச் சுற்றிப்போய் எழுதப் பார்க்கும். 'இந்தக் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் படிக்கப்படவில்லை. எதுவும் எழுதப்படவில்லை. படித்துவிட்டு மறுபடி அனுப்பவும்' என்றால் படித்துவிட்டு வரும். இதில் 'எதுவும் எழுதப்படவில்லை' என்ற இரண்டு சொற்களை எழுதுமுன் பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசினேன். நேராக எழுதும்போது பாதியில் நின்றால் கோப்பு அரைகுறையாகிவிடும். தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, கடைசியில் பெயர் மாற்றினால், பழையது இருக்கும் அல்லது புதியது இருக்கும், நடுவாந்திரம் இருக்காது. அந்த மாற்றத்தைச் செய்த பிறகே சொற்கள் செய்தியில் ஏறின.

அடுத்த சிக்கல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தது. அங்கே ஒரு பால்கோவா கடைக்குப் பில் போடும் நிரலில்தான் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். திருத்தும் கருவி, பழைய வாசகத்தை அச்சு அசலாகத் தேடி, கிடைத்தால்தான் மாற்றும். ஊர்ப் பெயர் உள்ள வரியை ஏஜென்ட் அனுப்பினால் 'வாசகம் இல்லை' என்றே பதில். திறந்து பார்த்தால் பெயர் கண்ணெதிரே இருக்கிறது!

ஸ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ஸ-வில் தொடங்கும். மற்றது 2005-இல் சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்கும். கோப்பில் இருந்தது ஶ, ஏஜென்ட் அனுப்பியது ஸ. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோடின் இயல்பாக்க விதிகளும் இவற்றை ஒன்றாக்காது. எப்படி எழுதினாலும் யூடிஎஃப்-8-இல் ஊர்ப் பெயர் 54 பைட்டுதான். அளவை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. தேடிக் கிடைக்காத ஏஜென்ட், எழுதும் கருவியை எடுத்து முழுக் கோப்பையும் திரும்ப எழுதியது. எல்லா ஶ-வும் ஸ ஆனது. பழைய பில்களைப் பெயர் போட்டுத் தேடினால் வரவில்லை.

"கண்ணுக்கு ஒண்ணாத்தானே தம்பி தெரியுது?" என்றார் கடைக்காரர்.

"கண்ணுக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. கம்ப்யூட்டருக்கு மொத எழுத்தே வேற."

இரண்டையும் கருவியே ஒன்றாக்கிவிடட்டும் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கோப்பு கடைக்காரருடையது, அவர் கேட்காத எழுத்தை மாற்றக் கருவிக்கு உரிமை இல்லை. அதற்குப் பதில் செய்தியை மாற்றினோம்: 'வாசகம் பொருந்தவில்லை. 14ஆம் வரியில் இதே போலத் தெரியும் வாசகம் இருக்கிறது. அங்கே முதல் எழுத்து ஶ, நீங்கள் தந்தது ஸ. எதுவும் மாற்றப்படவில்லை. கோப்பில் உள்ளபடியே அனுப்பவும். முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டாம்.' ஏஜென்ட் இப்போது ஶ போட்டு அனுப்புகிறது, அந்த ஒரு வரி மட்டும் மாறுகிறது.

இன்னொரு செய்தி பாக்கி இருக்கிறது. கடையின் பழைய வாடிக்கையாளர் பட்டியல் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தது, யூனிகோடு அல்ல. அதை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படித்தால் புரியாத பைட்டுகள் கேள்விக்குறிக் கட்டங்களாகும். திரும்ப எழுதினால் கட்டங்களே நிலைத்து, பெயர்கள் போய்விடும். இத்தகைய கோப்பில் கருவி எழுத மறுக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. மறுத்த பிறகு ஏஜென்ட் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.